பெத்தவங்க வீடு

போன வாரம் அம்சவல்லியைக் கொஞ்சம் நல்லவளாகவே விட்டுவிட்டு வந்தேன். கம்போங் ராஜாவில் மூசா பாய் சாப்பாட்டுக் கடையில், மகன் விஜயன் டெலிபோனில் யாரிடமோ மலாயில் பேசியதை ஒட்டுக் கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாளே, அந்த இடத்தில். பாவம் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். அவள் வாயைத் திறக்காதவரை அப்படித்தான் தோன்றும். இந்த வாரம் அவள் வாயைத் திறக்கிறாள்.

விடிந்தும் பனி விலகாத காலை. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்து வாசலில் நின்றால் எதிரே தேயிலை தெரியவில்லை. அம்சவல்லி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் பவளம் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு எடுத்துக் கொடுத்தாள்.

அம்சவல்லிக்கு வயதாகிவிட்டது என்று தோட்டத்தில் பேர் வெட்டிவிட்டார்கள். வேலையில் பேர் இல்லாதவருக்கு லயத்தில் வீடு இல்லை. பவளம் பேர் கொடுத்துக் கொழுந்து எடுக்க வந்தால் அதே வீட்டில் தாயும் மகளும் இருக்கலாம் என்று ஆபீசில் கணக்கு எழுதும் ராதாகிருஷ்ணன் கிராணி சொல்லிப் பார்த்தார். பவளமும் தயாராகத்தான் இருந்தாள். புருஷன் தாப்பாவில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டபிறகு அவளுக்கும் போக்கிடம் கிடையாது. திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்சவல்லிதான் முடியாது என்றுவிட்டாள். பவளம் பேர் கொடுத்தால் வீடு பவளத்தின் வீடாகிவிடும். மகள் வீட்டில் அண்டிக் கிடக்கவா மூத்த பிள்ளையை ஆணாகப் பெற்றாள்?

"அண்ணன் போன்ல என்னதாம்மா சொல்லிச்சு? சரியா சொல்லு," என்றாள் பவளம்.

"எத்தன தடவடி சொல்றது? 'ரூமா ஒராங் துவா'ன்னான். அப்புறம் 'மக் சயா, மக் சயா'ன்னான். மக் சயான்னா என் அம்மா. அதுகூடவா எனக்குத் தெரியாது?"

"ரூமா ஒராங் துவாவா?"

"ஆமாலா. ரூமான்னா வீடு. ஒராங்னா ஆளு. துவான்னா ரெண்டு. சந்தையில சத்து, துவா, தீகான்னு எண்றானுங்களே, அந்தத் துவா. ரெண்டு ஆளு வீடு. யாரு அந்த ரெண்டு ஆளு? அவனப் பெத்த அப்பனும் ஆத்தாளும். டவுன் ஸ்கூல்ல அவனச் சேக்கப் போனப்ப மலாய்க்கார வாத்தியாரு 'ஒராங் துவா மானா'ன்னு கேட்டாரு. உன் அப்பா அம்மா எங்கன்னு அர்த்தம். இவன் என்னயும் உங்கப்பனயும் கைய காட்டுனான். நான் மறந்துட்டேன்னு நெனச்சியா? பெத்தவங்க வீடுடி. எனக்குன்னு தனியா கட்டியிருக்கான்."

கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பவளத்தின் கை நின்றுவிட்டது. திரிங்காப்பில் நாள் முழுக்க மலாயிலேயே பேசி வேலை பார்ப்பவள் அவள்.

"அம்மா, அந்தத் துவா வந்து..."

"என்னடி வந்து, போயி? வயித்தெரிச்சலா?" அம்சவல்லி சாக்கை உதைத்துத் தள்ளினாள். "நீயும் கூட வரலாம்னு பாக்கற. அதான இழுக்கற? புது வீட்டுல பால் காய்ச்சுற அன்னிக்கி வாழாவெட்டி கால் பட்டா வெளங்குமா? புருசன் வீட்டத்தான் பிடிச்சி வெச்சிக்கத் தெரியல. என் வீட்டுல வந்து குந்திக்கலாம்னு நெனைக்காத. திரிங்காப்லயே கொட்டாயில எவ கூடயாவது ஒண்டிக்க."

பவளம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து முடிச்சைப் போட்டு முடித்தாள்.

"சரிம்மா. நல்லபடியா போய்ட்டு வா," என்றாள்.

மலாய் தெரிந்த வாசகர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். பவளத்துக்கும் புரிந்துவிட்டது. அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே திரும்பி நல்ல வழியில் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. சாக்கைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

அம்சவல்லி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ஆபீசுக்கு நடந்தாள்.

வீட்டு ஆசை அவளுக்கு நேற்று வந்ததல்ல. சின்னப் பெண்ணாக அம்மாவின் கூடைக்குப் பின்னால் தேயிலைக்குள் நடந்தபோதே மேட்டில் துரை பங்களா தெரியும். கூரைமேல் புகைபோக்கி இருக்கும். வீட்டுக்குள்ளேயே குளிர்காய அடுப்பு உண்டு என்று சொல்வார்கள். கரித்துண்டை எடுத்து லயத்துச் சுவரில் அந்த பங்களாவை வரைவாள். அதில் அப்பா உண்டு, அம்மா உண்டு, அவள் உண்டு. தம்பி கிடையாது. தம்பி பிறந்தபிறகு பால் எல்லாம் அவனுக்குப் போயிற்று, அதனால் பங்களாவில் அவனுக்கு இடம் தரவில்லை.

சிவசாமியைக் கட்டிக்கொண்டு இந்த லயத்துக்கு வந்தபோது பங்களா போய்விட்டது. ஒரு கதவு போதும் என்று இருந்தது. முன்னறையில் நடுவே ஒரு பழைய சேலையைக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும். அந்தப் பக்கம் மாமியார் வேலாயியின் இருமல். கதவு வரவில்லை. அதனால் அம்சவல்லி மாமியாரின் பாயைச் சுருட்டி, அடுப்படிக்குப் பின்னால் விறகு அடுக்கும் தாழ்வாரத்தில் போட்டாள். வேலாயி ஒரு மழைக்காலத்தில் அங்கேயே செத்துப்போனாள். அதற்குப் பிறகுதான் ராத்திரியில் நல்லாத் தூங்கினேன் என்று அம்சவல்லி குழாயடியில் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

பிள்ளைகள் பிறந்தபிறகு கதவு ஆசையும் போய், வீட்டுக்குள் ஒரு குழாய் இருந்தால் தேவலாம் என்றாயிற்று. முழங்கால் வலி வந்தபிறகு படி இல்லாத வீடு. சிவசாமி போன பிறகு, காலை வெயில் விழுகிற ஒரு சன்னலும் அதன் கீழே ஒரு கட்டிலும். அவ்வளவுதான் இப்போது மிச்சம்.

வயது ஏற ஏற வீடு சின்னதாகிக்கொண்டே வந்ததைக் கவனித்தீர்களா? ஆனால் அவள் கட்டிய எந்த வீட்டிலும் யாராவது ஒருவருக்கு இடம் இல்லாமல் இருந்தது. அது மட்டும் மாறவே இல்லை. இன்றைய வீட்டில் பவளத்துக்கு இடம் இல்லை.

ஆபீசில் கிராணி சாவியை உடனே வாங்கவில்லை.

"யோசிச்சிக்கம்மா. சாவி குடுத்துட்டா வீடு கணக்குலேர்ந்து போயிடும். பவளம் பேர் குடுத்தா..."

"அவ பேச்ச எடுக்காதீங்க ஐயா. என் மவன் கோலா தெர்லாவுல கல்வீடு கட்டியிருக்கான். எனக்குத் தனி வீடு. இந்தப் பலக வீட்ட யாருக்கு வேணா குடுங்க, நாய் கட்டுங்க."

கிராணி அந்த லயத்திலேயே பிறந்து ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்தவர். அவருடைய தாயும் அப்படி ஒரு பலகை வீட்டில்தான் இருந்தாள். அவர் வேறு பேச்சுப் பேசாமல் கையை நீட்டினார். அம்சவல்லி சாவியை மேஜைமேல் போட்டாள். அது சறுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுக்கக்கூட அவளுக்கு மனம் இல்லை.

விஜயனின் காய்கறி லேண்ட்ரோவரை ஓட்டும் சின்னக்கருப்பன் வந்து அவளையும் சாக்குகளையும் ஏற்றிக்கொண்டான். சிவசாமியின் படத்தை மட்டும் அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ரெண்டு ஆள் வீடல்லவா? ரெண்டாவது ஆள் இல்லாமல் எப்படிப் போவது?

கோலா தெர்லாவில் ரோட்டோரமாகவே வீடு. மொசேக் தரை, லூவர் கண்ணாடிச் சன்னல், பச்சை வர்ணம் அடித்த கேட். வாழைமரம் கட்டியிருந்தார்கள். கம்போங் ராஜா கடைக்காரர்கள், மூசா பாய், லோரிக்காரர்கள் என்று வாசல் நிறையக் கூட்டம். அம்சவல்லி வலது காலை எடுத்து வைக்கப் போனாள். மருமகள் நீலாவதி பட்டுச் சேலையில் ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"அத்தே, இப்படி வேணாம். இன்னும் பால் பொங்கல. நீங்க பின்பக்கமா போய் இருங்க."

தாலி இழந்தவள் முன்வாசலில் வரக்கூடாது என்பதைத்தான் நீலாவதி அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். அம்சவல்லிக்கு அது உறைக்கவே இல்லை. பின்பக்கம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அங்கேதானே தன் வீடு இருக்கும்?

இருந்தது. சமையலறைக்குப் பின்னால் பத்தடி தள்ளி, செங்கல் சுவரும் தகரக் கூரையுமாகப் புதிதாக ஒரு கட்டடம். ஒரே ஒரு படிகூட இல்லை. கிழக்கே பார்த்த சன்னல் ஒன்று. அதன் வழியாகச் சிமெண்டுத் தரையில் வெயில் கட்டம் கட்டி விழுந்திருந்தது. அம்சவல்லி அந்த வெயிலில் போய் நின்றாள். கால் சுட்டது.

கதவு மட்டும் ஏன் இவ்வளவு அகலம் என்று ஒரு கணம் தோன்றியது. கட்டில் நுழைய வேண்டாமா என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். சுவரில் பெரிய ஆணி ஒன்று அடித்திருந்தது. அப்பன் படத்துக்கு ஆணிகூட அடித்து வைத்திருக்கிறான் பிள்ளை! சிவசாமியை அதில் மாட்டினாள். சாக்கைப் பிரித்து விளக்கை எடுத்து ஏற்றினாள். அரிசி மாவை எடுத்து அகன்ற கதவுக்கு முன்னால் கோலம் போட்டாள். முழங்கால் வலியோடு உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, பெரிய கோலமாகவே போட்டாள்.

"பாத்தீங்களா," என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். "கடசியா கெடச்சிருச்சி."

அவள் அழுதாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அதை அவளிடமிருந்து பறிக்க எனக்கே கை வரவில்லை. ஆனால் சின்னக்கருப்பன் அதற்குள் லேண்ட்ரோவரைப் பின்பக்கமாக ஓட்டி வந்துவிட்டான்.

சக்கரம் கோலத்தின்மேல் ஏறி நின்றது.

"ஆத்தா, கொஞ்சம் தள்ளிக்குங்க. கோபிஸ் எறக்கணும்."

"எங்கடா எறக்கப் போற?"

"இங்கதான். வேற எங்க?" அவன் முட்டைக்கோஸ் கூடை ஒன்றைத் தோளில் தூக்கி உள்ளே கொண்டுவந்து, வெயில் விழுந்த இடத்தில் வைத்தான். "அந்தப் படத்த எடுங்க ஆத்தா. அது தராசு மாட்டுற ஆணி."

அம்சவல்லி கூடையைக் காலால் உதைத்தாள். ரெண்டு கோபிஸ் உருண்டு வெளியே போயிற்று.

"இது என் வீடுடா! எவன் வீட்டுல வந்து எதக் கொட்டுற? டேய் விஜயா!"

அவள் போட்ட சத்தத்தில் முன்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையும் கையுமாக வந்துவிட்டார்கள். விஜயன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"என்னம்மா இது? ஆளுங்க முன்னால..."

"நீ எனக்குக் கட்டுன வீட்டுல இவன் கோபிஸ் கொட்டுறான்டா."

"ஒனக்குக் கட்டுனதா? இது சரக்கு வைக்கிற எடம்."

"அப்ப என் வீடு எங்க? மூசா பாய் கடையில நின்னு சொன்னியே? ரூமா ஒராங் துவான்னு? மக் சயான்னு? என் காதால கேட்டேன்."

விஜயனின் முகம் சிவந்தது. நாலு பேர் போன பிறகு சாயந்திரம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தான். இப்போது கூட்டமே காது கொடுத்துக்கொண்டு நின்றது.

"அது இங்க இல்லம்மா. ஈப்போவுல. நல்ல எடம். வேளாவேளைக்குச் சாப்பாடு, டாக்டர் வருவாரு, நம்மாளுங்களும் இருக்காங்க. நாளைக்கிக் காலைல நம்ம லோரி ஈப்போவுக்குத்தான் போவுது. நானே கூட வந்து விட்டுட்டு வர்றேன்."

"ஈப்போவுல எதுக்குடா எனக்கு வீடு? ஒராங் துவான்னா ரெண்டு ஆளு. நானும் உங்கப்பாவும். பெத்தவங்க வீடு."

நீலாவதிதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் கேட்டது. பிறகு லோரிக்காரர்கள். "சத்து, துவா, தீகா!" என்று ஒருவன் எண்ணிக் காட்டினான். கூட்டம் குலுங்கியது.

மூசா பாய் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"எண்ணுற துவா வேற தாயே, இந்தத் துவா வேற. நம்மாளுங்க வாயில ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். இந்தத் துவான்னா வயசு போனதுன்னு அர்த்தம். ஒராங் துவான்னா அப்பா அம்மாவயும் சொல்லுவான், கெழடு கெட்டைகளயும் சொல்லுவான். உங்க மவன் சொன்னது வயசானவங்கள வெச்சிப் பாத்துக்கற எடம். அன்னிக்கிக் கடையில நீங்க அழுததப் பாத்து, புரிஞ்சிதான் அழுறீங்கன்னு நெனச்சிட்டேன். தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

அம்சவல்லி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். மாடியில் லூவர் கண்ணாடிகள் வரிசையாக வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

"இத்தன ரூம் இருக்கேடா."

"ஒண்ணு எங்களுக்கு. ஒண்ணு புள்ளைங்களுக்கு. இன்னொண்ணு மொதலாளி தவுக்கேக்கு. கோலாலம்பூர்லேர்ந்து சரக்கெடுக்க வந்தா தங்கணும்லம்மா."

"அவன் எப்பவாச்சும்தானே வர்றான்?"

விஜயன் சின்னக்கருப்பனைப் பார்த்தான், கோபிஸைப் பார்த்தான், தாயைப் பார்க்கவில்லை. பதில் நீலாவதியிடமிருந்து வந்தது.

"வராட்டியும் அவரு ரூம் அவருக்கு அத்தே. நான் கல்யாணமாகி ஒங்க வீட்டுக்கு வந்தப்ப எனக்கு எங்க பாய் போட்டீங்க, ஞாபகம் இருக்கா? வெறகுத் தாழ்வாரத்துல. வயித்துல புள்ளையோட. சாரல்ல பாய் நனைஞ்சிருச்சின்னு வந்து சொன்னேன். 'எலி வளையானாலும் தனி வளை வேணும்டி'ன்னு சிரிச்சீங்க. இப்ப ஒங்களுக்கும் தனி வளதான் பாத்திருக்கோம்."

அம்சவல்லி உள்ளே போய் சிவசாமியை ஆணியிலிருந்து எடுத்தாள். விளக்கை ஊதி அணைத்தாள். விளக்கையும் சாக்குகளையும் அங்கேயே விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள்.

"எங்கம்மா போற?" என்று விஜயன் பச்சைக் கேட்டுக்கு வெளியே வந்து கத்தினான்.

"என் வீட்டுக்கு."

கம்போங் ராஜா பஸ் வந்து, ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குச் சாவி ஞாபகம் வந்தது.

தோட்டத்துச் சந்தியில் இறங்கியபோது மறுபடி பனி இறங்கியிருந்தது. ஆபீஸ் பூட்டியிருந்தது. அவள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினாள். ஒவ்வொரு வீட்டையும் தாண்டும்போது மூச்சு வாங்கியது. காலையில் இதே வீடுகளின் முன்னால் நின்றுதான் 'போய்ட்டு வர்றேன்டி, லயத்து நாத்தம் இன்னியோட போச்சு' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இப்போது யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

தன் வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சின்னதாக ஒரு கோலம் போட்டிருந்தது.

கதவைத் திறந்தது பவளம். தலைக்குக் குளித்திருந்தாள். உள்ளே அடுப்பில் புதுப் பானை உட்கார்ந்திருந்தது.

"நீ இங்கதான் இருக்கியாடி?" அம்சவல்லிக்கு உயிர் வந்தது.

"பேர் குடுத்துட்டேம்மா. மத்தியானம் கிராணி சாவி குடுத்தாரு. நாளைக்கி மேல் மலையில வேல."

"நல்ல காரியம் பண்ணுன. புத்திசாலிடி நீ. தள்ளு, உள்ள வர்றேன். குளுருது."

பவளம் தள்ளவில்லை.

"அண்ணன் சொல்லிச்சா?" என்று கேட்டாள்.

அம்சவல்லி மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஒனக்குக் காலையிலயே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கிட்டே கயிறு கட்டிக் குடுத்தியாடி? பெத்தவ நாலு பேர் முன்னால சிரிப்பா சிரிக்கட்டும்னு விட்டியா? சாவியக் குடுக்கப் போறப்பகூட ஒரு வார்த்த சொல்லல."

"சொல்ல வந்தேன். வாழாவெட்டின்னு சொன்ன. வாய மூடிக்கிட்டேன்." பவளத்தின் குரல் உயரவில்லை. "நாலு பேர் சிரிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. வந்த நாள்லேர்ந்து கொழாயடியில அப்படித்தான் நிக்கிறேன். சொல்லிச் சிரிக்க வெச்சது நீதான்."

அம்சவல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியாது அவளுக்கு. படத்தை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, உரிமையோடு காலைத் தூக்கினாள். பவளம் கையை நீட்டி நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். கை குறுக்கே நின்றது.

"இரும்மா. என் பேருக்கு வந்த வீடு. எனக்கு இது புது வீடு. இன்னும் பால் பொங்கல. தாலி இல்லாதவ மொதக் கால் வைக்கலாமா? சாங்கியமெல்லாம் ஒனக்குத்தானே நல்லாத் தெரியும். நீயே சொல்லு. வைக்கலாம்னா வா."

தூக்கிய காலை அம்சவல்லி கீழே வைத்தாள்.

வைக்கலாம் என்று சொன்னால், காலையில் மகளைச் சொன்னது வெறும் கொழுப்பு என்று ஆகிவிடும். கூடாது என்று சொன்னால், பனியில் நிற்க வேண்டியதுதான். காலையில் சொன்ன அந்த ஒரு சொல்லை விழுங்கினால் ராத்திரி படுக்க இடம் உண்டு. மாமியாரிடம், மருமகளிடம், மகளிடம் இத்தனை வருடம் ஒரு தடவைகூட விழுங்காத தொண்டை அது. இன்றும் விழுங்கவில்லை.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ருக்குமணியின் குரல் கேட்டது.

"பவளம், வாசல்ல பேச்சுச் சத்தம் கேக்குதே. யாரு வந்துருக்கா?"

பவளம் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் மார்பில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். படத்துக் கண்ணாடியில் பனி நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒராங் துவா," என்றாள்.

பெற்றவள் என்று சொன்னாளா, கிழவி என்று சொன்னாளா, அம்சவல்லிக்குத் தெரியவில்லை. ருக்குமணிக்கோ மலாய் சந்தைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும்.

"ரெண்டு பேரா?" என்றது குரல். "ஏன்டி பனியில நிக்க வெச்சிக்கிட்டு? உள்ள கூப்பிடுடி ரெண்டு பேரயும்."

அடுப்பில் பால் பொங்கிப் பானையின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. தீயில் விழுந்து சுறுசுறுவென்று சத்தம் போட்டது. பால் பொங்கியாயிற்று. இனி சாங்கியம் எதுவும் தடை இல்லை.

பவளத்தின் கை நிலைக்கட்டையிலேயே இருந்தது.